சில்வர்டன் பக்கத்து ஐரிஸ் தோட்டம்: பூவை விட்டுத் தண்டைப் பாருங்கள்

ஓரிகன் மாநிலத்தின் தலைநகரத்துக்கும் பெயர் சேலம்தான். "சனிக்கிழமை சேலம் பக்கம் போறேன்" என்று நான் சொல்லும்போதெல்லாம் வீட்டுக்காரர் "வரும்போது ரெண்டு கிலோ மல்கோவா" என்பார். பதினோரு வருடமாக இதே ஜோக். இந்தச் சேலத்தில் மாம்பழம் கிடையாது. மே பிறந்துவிட்டால் ஐரிஸ் பூ இருக்கிறது, ஏக்கர் கணக்கில்.

பெரிய பண்ணைகளை எல்லோருக்கும் தெரியும். 1925-இல் மினசோட்டாவில் தொடங்கி, 1940களில் சேலம் இருக்கும் இந்த வில்லமெட் பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்த ஷ்ரைனர் குடும்பத்துப் பண்ணைக்கு மே மாதம் போனால் நம்ம ஊர்க் குடும்பம் பத்தாவது கண்ணில் படும். பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையைப் பூவுக்கு நடுவில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நானும் எடுத்தவள்தான். ஆனால் இங்கே எழுதப்போவது அதைப் பற்றி இல்லை. சில்வர்டன் போகிற வழியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கரில் வைத்திருக்கும் தோட்டம் பற்றி. பலகை கிடையாது. பெயரும் முகவரியும் எங்கேயும் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை. ஐரிஸ் சங்கத்துக் கிழங்கு விற்பனையில் அறிமுகமாகி, அவராகக் கூப்பிட்டால்தான் உள்ளே போக முடியும். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் கூப்பிட்டால் போகலாமா, என்ன வாங்கலாம் என்பதற்குத்தான் இந்த விமர்சனம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சத்தியமங்கலத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் சம்பங்கி. கிழங்கு நட்டுப் பூ எடுப்பது எனக்குத் தெரியாத வேலையா என்ற தெனாவட்டில், ஆன்லைனில் ஒரு கடையில் ஆறு ஐரிஸ் கிழங்கு வாங்கினேன். சம்பங்கியை நடுகிற மாதிரியே மண்ணுக்குள் இறக்கி, மேலே மரப்பட்டைத் தூளைக் கனமாகப் பரப்பினேன். நாலு அழுகிப் போயிற்று. அந்த நாற்றத்துக்குச் செத்த எலி தேவலை. பிழைத்த இரண்டும் "இளஞ்சிவப்பு" என்று சீட்டு ஒட்டி வந்தவை, பூத்தது கத்தரிப்பூ நிறத்தில். அழுகினது என் தப்பு. நிறம் மாறினது கடைக்காரர் தப்பு. பணம் திரும்ப வரவில்லை. இந்தப் புண்ணோடுதான் 2023 மே மாதம் வாத்தியார் வீட்டுக்குப் போனேன்.

நான் இருக்கும் ஹில்ஸ்பரோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசி அரை மைல் சரளைக்கல் பாதை. தாழ்வான கார் என்றால் அடி உரசும். காலையில் பனி ஈரம் காய்வதற்குள் போய்விட்டேன், செருப்போடு. வாத்தியார் என் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வாசலில் கிடந்த ரப்பர் பூட்ஸைக் காலால் என் பக்கம் தள்ளினார். இரண்டு சைஸ் பெரிது. பாத்தியில் முதல் பத்தடி வைத்ததும் அந்த பூட்ஸின் அருமை புரிந்தது.

முன்பக்கம் பெயர் உள்ள பூக்கள். வரிசை சுத்தமாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் சீட்டு. அந்தச் சீட்டே பார்க்க வேண்டிய பொருள். பழைய ஜன்னல் திரையின் பிளாஸ்டிக் பட்டையைக் கத்தரித்து, பென்சிலால் எழுதி நட்டிருக்கிறார். மார்க்கர் பேனா இரண்டு கோடையில் வெளுத்துவிடும், பென்சில் நிற்கும் என்றார். ஷ்ரைனர் பண்ணையின் கரும்ஊதாவான 'டஸ்கி சாலஞ்சர்' அங்கே ஒரு புதராக நிற்கிறது. 1992-இல் டைக்ஸ் பதக்கம் வாங்கின ரகம் அது. அமெரிக்க ஐரிஸ் சங்கம் கொடுக்கிற பதக்கங்களில் அதற்கு மேலே ஒன்று கிடையாது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். "அது எல்லா இடத்திலும் கிடைக்கும், பின்னால வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனார்.

பின்னால்தான் நாற்றுப் பாத்தி. முன்பக்கத்து ஒழுங்கு எதுவும் இல்லை. நாற்று என்றால் விதையிலிருந்து வந்த செடி. தாடி ஐரிஸைக் கிழங்கு பிரித்து நட்டால் தாய் மாதிரியே பூக்கும். விதை போட்டால் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு முகம், ஒரே காயிலிருந்து வந்த முப்பதும் முப்பது விதம். அறுநூறு செடி இருக்கும் என்றார். ஏறக்குறைய பாதி பூத்திருந்தது. முக்கால்வாசி ஊதாவும் பழுப்பும் அழுக்கு மஞ்சளுமாக, சந்தை முடிந்த பிறகு கிடக்கிற கத்தரிக்காய்க் குவியல் மாதிரி ஒரு நிறக் கூட்டம். நடுநடுவே ஒன்றிரண்டு, கண்ணைப் பறித்துக்கொண்டு.

தாடி ஐரிஸ் பூவைப் பார்க்காதவர்களுக்கு: மூன்று இதழ் மேலே குவிந்து நிற்கும், மூன்று இதழ் கீழே தொங்கும். தொங்குகிற ஒவ்வொன்றின் நடுவிலும் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி ஒரு மயிர்க்கோடு. அதுதான் தாடி. தாடிக்கே தனி நிறம் வரும். வெள்ளைப் பூவில் ஆரஞ்சுத் தாடி பார்த்தேன், யாரோ குங்குமப்பூவைத் தைத்து வைத்த மாதிரி இருந்தது. இலையைப் பார்த்தால் நம்ம வசம்பு. எங்கம்மாவுக்குப் படம் அனுப்பினால் இன்றைக்கும் "வசம்பு நல்லா வந்திருக்கே" என்றுதான் பதில் வரும்.

நான் அந்த ஆரஞ்சுத் தாடிக்காரியைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றபோது வாத்தியார் கேட்டார்: "மொட்டு எத்தனை?" எண்ணினேன். நாலு. "கிளை?" ஒன்றே ஒன்று, அதுவும் உச்சிக்குப் பக்கத்தில். "அப்ப எத்தனை நாளைக்குப் பூக்கும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரே சொன்னார். ஒரு பூ இரண்டு மூன்று நாள் நிற்கும். மொட்டு நாலு என்றால் ஒரு வாரத்தில் கடை மூடிவிடும். நல்ல தண்டு என்றால் உச்சியைத் தவிர மூன்று கிளை, ஏழுக்குக் குறையாமல் மொட்டு, கிளைகள் ஒன்றை ஒன்று இடிக்காமல் தள்ளித் தள்ளி. இரண்டு மூன்று பூ ஒரே நேரத்தில் விரிந்தாலும் முகத்தோடு முகம் முட்டக்கூடாது. மழை பெய்து பூவுக்குள் தண்ணீர் நின்றாலும் தண்டு நிமிர்ந்தே நிற்க வேண்டும். இதெல்லாம் தேறின பிறகுதான் நிறத்தைப் பார்ப்பாராம்.

அப்புறம் அவர் குனிந்து செடியின் அடியை விலக்கிக் காட்டினார். பூத்த கிழங்கைச் சுற்றிக் குட்டி ஒன்றுகூட இல்லை. இதைச் சொன்னதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது, ஏனென்றால் இது வாழைக் கணக்கு. ஒரு ஐரிஸ் கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். அடுத்த வருடம் பூப்பது அதன் பக்கக் கன்றுகள். கன்று விடாமல் பூத்த செடி அதோடு சரி. "எங்க ஊரில் குலை தள்ளின வாழைக்கு இதே கதைதான்" என்றேன். அவருக்கு அது பிடித்துப் போயிற்று. அந்த நாள் முழுக்க எந்தச் செடியைக் காட்டினாலும் "இந்த வாழை தேறுமா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேறினவற்றுக்கு ரோஸ் கலர் பிளாஸ்டிக் நாடா. அன்றைக்கு மொத்தமே பதினொரு நாடாதான் பார்த்தேன். மற்றதெல்லாம் பூ முடிந்ததும் மண்வெட்டிக்கும் உரக்குழிக்கும். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. "எனக்கு ஒன்று கொடுங்களேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார். பெயர் பதியாத நாற்று நாலு கை மாறினால் ஆளுக்கொரு பெயர் வைத்துவிடுவார்கள், இது என்ன ரகம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பது அவர் வாதம். என் கத்தரிப்பூ நிறத்து "இளஞ்சிவப்பு" ஞாபகம் வந்ததால் எதிர்த்துப் பேசவில்லை. நாடா கட்டினதையும் உடனே விற்பதில்லை. இன்னும் சில வருடம் பெருக்கிப் பார்த்து, அமெரிக்க ஐரிஸ் சங்கத்தில் பெயர் பதிந்து, அப்புறம்தான். 1920-இல் தொடங்கின சங்கம் அது. தாடி ஐரிஸுக்கு உலகத்தில் எங்கே பெயர் வைத்தாலும் அங்கேதான் பதிய வேண்டும். புது ரகம் வெளிவருகிற வருடம் ஒரு கிழங்கு 50, 60 டாலருக்குப் போவதும், வருடம் போகப்போக அதுவே மளமளவென்று இறங்குவதும் ஏன் என்று அந்தப் பாத்தியைப் பார்த்த பிறகு புரிந்தது. பொறுமை இருந்தால் பழைய ரகம் வாங்குங்கள். பூவுக்கு வயது தெரியாது.

பத்தரை மணிக்கு வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் மகரந்தம் சேர்த்துக் காட்டினார். உலகத்திலேயே சுலபமான வேலை. சின்ன இடுக்கியால் ஒரு பூவின் மகரந்தப் பையைப் பிடுங்க வேண்டும். இன்னொரு பூவில், தாடிக்கு மேலே கூரை மாதிரி வளைந்திருக்கும் பகுதியின் அடியில் நகக்கண் அகலத்துக்கு ஒரு உதடு இருக்கும். அதன் ஈரப்பக்கத்தில் பையைத் தேய்த்தால் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையாக ஒட்டும். வேலை முடிந்தது. தொங்குகிற இதழ்களைக் கிள்ளிவிட்டால் தேனீ உட்கார இடம் இருக்காது. நூலில் சீட்டு கட்டி, தாயின் பெயர் முதலில், தகப்பன் பெயர் அடுத்து.

"நீங்க ஒன்று செய்யுங்க" என்று இடுக்கியைக் கொடுத்தார். எனக்கு ஆசை பெரிது. அவருடைய கரும்ஊதா நாற்று ஒன்றைத் தாயாக வைத்து, 'பெவர்லி சில்ஸ்' என்ற இளஞ்சிவப்பின் மகரந்தத்தைத் தேய்த்தேன். 1985-இல் டைக்ஸ் பதக்கம் வாங்கினது அது, ஒரு ஆப்பரா பாடகியின் பெயர். கரும்ஊதாவும் இளஞ்சிவப்பும் சேர்ந்தால் நடுவில் ஏதாவது மாம்பிஞ்சு நிறம் மாதிரி அபூர்வமாக வரும் என்று என் நினைப்பு. வாத்தியார் சிரித்தார். இந்தச் செடியில் ஒவ்வொரு மரபணுவும் நாலு பிரதி இருக்கும், இளஞ்சிவப்பு வெளியே தெரிய நாலும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். கூட்டுச்சொத்துப் பத்திரம் மாதிரி, நாலு பங்காளியும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். ஒருவன் முறைத்தாலும் போச்சு.

நாலு பிரதி என்றதும் அவர் சொன்ன இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டங்களில் இருந்த உயரமான தாடி ஐரிஸ் பெரும்பாலும் 24 குரோமோசோம், அதாவது இரண்டே பிரதி உள்ள சின்னப் பூக்கள். கேம்பிரிட்ஜில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஃபாஸ்டர், பாதிரிமார்கள் வழியாக ஆசியப் பக்கத்திலிருந்து பெரிய பூ ஐரிஸ்களை வரவழைத்துச் சேர்க்கத் தொடங்கினார். அவற்றில் 48 குரோமோசோம், அதாவது நாலு பிரதி இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது. இன்றைக்கு நாம் பார்க்கும் இடுப்புயர ஐரிஸ் அந்த வழியில் வந்தது. அந்தக் கூட்டத்தில் காஷ்மீர் ஐரிஸும் ஒன்று. காஷ்மீரில் கல்லறைகள் மேல் நட்டு வைத்திருப்பார்களே, அதே செடி. "பாதி உங்க ஊர்ச் செடிதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சத்தியமங்கலத்துக்கும் ஸ்ரீநகருக்கும் உள்ள தூரத்தை விளக்குவதில் கால் மணி நேரம் போயிற்று.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் அவர் எதையும் விற்கமாட்டார். பிடித்த பெயரைக் குறித்துக்கொண்டு வந்துவிட வேண்டும், ஜூலைக் கடைசியில் தோண்டும்போது சொல்லி அனுப்புவார். மறுபடி ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். கார்டு கிடையாது, ரொக்கம் அல்லது செக். கிழங்கு ஐந்து டாலர், எந்த ரகமானாலும். ஐந்து வாங்கினேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். இலையை விசிறி மாதிரி வெட்டி, பெயரை இலையிலேயே எழுதியிருந்தார். கை கொள்ளாத கிழங்கு, நல்ல முற்றின இஞ்சி மாதிரி கெட்டி, விரலால் அழுத்தினால் எங்கேயும் அமுங்கவில்லை. ஆன்லைனில் எனக்கு வந்ததெல்லாம் இதில் பாதிகூட இல்லை.

நடுகிற விதத்தை அவர் மண்ணில் உட்கார்ந்து காட்டினார். குழியின் நடுவே ஒரு சின்ன மேடு, அதன் மேல் கிழங்கு, இரண்டு பக்கமும் வேரைத் தொங்கவிட்டு மண் மூட வேண்டும். கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும். குளத்தில் எருமை கிடக்குமே, அந்த மாதிரி. மேலே தூளும் வேண்டாம், இலைதழையும் வேண்டாம், வெயில் படட்டும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும், அழுகலும் கூடவே வரும். அழுகல் பட்டால் ஒரு பழைய ஸ்பூனால் கெட்டதைச் சுரண்டி எடுத்துவிட்டு வெயிலில் காயவிடுங்கள் என்றார். அழுகலைப் பற்றி மட்டும் நாற்பது நிமிடம் பேசினார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஐந்தும் பிழைத்தன. மறு வருடம் மூன்று பூத்தன, மூன்றும் சீட்டில் எழுதியிருந்த அதே நிறம். 25 டாலருக்கு எனக்கு வேறு எதுவும் இவ்வளவு நாணயமாகக் கிடைத்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. கழிப்பறை கிடையாது, சில்வர்டன் ஊருக்குள் போய்விட்டு வருவது உத்தமம். உட்கார ஒரே ஒரு கவிழ்த்த வாளி. அவர் நாய் கடிக்காது, ஆனால் ஈரக்காலோடு மேலே ஏறும், வெள்ளைச் சுடிதாரில் போகாதீர்கள். குழந்தைகள் ஓடினால் அவர் முகம் மாறிவிடும். தாகத்துக்குத் தண்ணீர்கூட நாமாகக் கேட்டால்தான் வரும். நம் வீட்டில் வந்தவரை இப்படி நிற்க வைத்திருந்தால் எங்கம்மா என்னைத் தொலைத்திருப்பார். அதோடு மனிதர் பிடிவாதக்காரர். சுருள்சுருளாக இதழ் மடிந்த பூக்களை அவருக்குப் பிடிக்காது, தாடி நுனியில் கொம்பு முளைக்கிற ரகங்களைக் கேட்டால் காது கேளாதவர் மாதிரி நடந்து போய்விடுவார். அவர் ருசி நம் ருசியாக இருந்தால்தான் அந்தத் தோட்டம் நமக்கு ஆகும். எனக்குக் கொம்பு பிடிக்கும். அதற்கு வேறு இடம்தான் பார்க்கிறேன்.

ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது கழிப்பறைக்கு.

இனி அதற்கப்புறம் நடந்த கதை. நான் சேர்த்த காய் பிடித்துவிட்டது என்று 2023 ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தார். சேர்த்து எட்டு வாரத்தில் காய் முற்றி வாய் பிளக்கும். அதில் 31 விதை. மழைக்காலக் குளிர் பட்டால்தான் முளைக்கும் என்பதால் தொட்டியில் விதைத்து வெளியிலேயே விட்டிருக்கிறார். 2024 வசந்தத்தில் 22 முளைத்தது, அவற்றில் 17, 2025 மே மாதம் பூவுக்கு வந்தது. "உங்க பிள்ளைகள் பூத்திருக்கு, வந்து பாருங்க" என்று தகவல் வந்தது. வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

பதினேழும் ஊதா. ஒன்றுகூட இளஞ்சிவப்பு இல்லை, மாம்பிஞ்சும் இல்லை. சிலது துவைத்து வெளுத்த பள்ளிக்கூடப் பாவாடை நிறம். தாடிக்குப் பக்கத்தில் புலிக்கோடு மாதிரி நரம்பு ஓடி அசிங்கமாக இருந்தது. அதுவும் குறைதானாம். வாத்தியார் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார், ஒன்றிலும் நாடா விழவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கிற அம்மா மாதிரி நான் பின்னாலேயே போனேன். எட்டாவதாக நின்ற செடியின் சீட்டில் 23-14-எச் என்று எண். தொங்கும் இதழ் நடுவில் வெளிறி, ஓரம் மட்டும் அடர் ஊதாவில் கரைகட்டியிருந்தது. மூக்கை வைத்தால் திராட்சை ஜூஸ் வாசம். எனக்கு மனசு போய்விட்டது. அவர் அதன் தண்டை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். பாம்பு மாதிரி நெளிந்திருந்தது, பென்சில் தடிமன்கூட இல்லை, மூன்று மொட்டு உச்சியில் கொத்தாக முட்டிக்கொண்டு இருந்தது. மண்வெட்டியை எடுத்தார்.

"இதை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பேர் வைக்கக்கூடாது. யாருக்கும் கிள்ளிக் கொடுக்கக்கூடாது. இது என் தோட்டத்தில் பிறந்ததுன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்று மூன்று நிபந்தனை போட்டு, வேரோடு பெயர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்தார். காசு வாங்கவில்லை. அடியில் மூன்று கன்று இருந்தது. அந்த ஒன்றில் மட்டும் பாஸ்.

பின் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தோம். வீட்டு வாசலில் எருமை மாதிரி முதுகு தெரிய நட்டுவிட்டு, சாயங்காலம் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். சத்தியமங்கலத்தில் அப்போது காலை ஆறரை, பூ எடுத்து முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நானே மகரந்தம் சேர்த்தது, ரெண்டு வருடம் காத்திருந்தது, கரைகட்டின இதழ், திராட்சை வாசம் எல்லாம் சொல்லி போனைப் பூவுக்குக் கிட்டே கொண்டுபோனேன். பின்னாலிருந்து அம்மா "வசம்பா?" என்றார். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்டு என்ன அம்மிணி இப்படித் தொங்குது? ஒரு குச்சியை நட்டுக் கட்டு."